பேருக்கு ஒரு வாய்

என் இதயம் முதன்முதலாகத் தகராறு செய்தது ஒரு செவ்வாய்க்கிழமை, மத்தியானம் ஒன்று முப்பத்திரண்டுக்கு. நேரத்தை இவ்வளவு துல்லியமாகச் சொல்வதால் என்னைப் பெரிய ஆள் என்று நினைத்துவிட வேண்டாம். எனக்குச் சம்பளமே அதற்குத்தான். செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பர். எந்த வண்டி எத்தனை மணிக்கு வந்தது, எத்தனை மணிக்குக் கிளம்பியது, எத்தனை நிமிஷம் லேட்டு என்று பெரிய நோட்டில் எழுதி வைப்பேன். எந்த வண்டியும் அந்த நோட்டை மதித்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. ஆனாலும் எழுதுவேன்.

அன்றைக்குச் சாப்பாடு முடித்து, பெல்ட்டை ஒரு ஓட்டை தளர்த்தி, மேலே ஒரு கோலி சோடாவையும் ஊற்றிவிட்டு ஏப்பத்துக்காகக் காத்திருந்தேன். ஏப்பம் வரவில்லை. அதற்குப் பதிலாக நெஞ்சுக்குள், கொளவாய் ஏரியில் கெண்டை துள்ளுகிற மாதிரி, ஒன்று துள்ளியது. அப்புறம் ஒன்றும் இல்லை. அந்த ஒன்றும் இல்லாததுதான் பயங்கரம். அடுத்த துடிப்பு வர வேண்டிய நேரத்துக்கு வரவில்லை. பிறகு மூன்று சேர்ந்து வந்தன. எங்கள் திருப்போரூர் பஸ்ஸும் அப்படித்தான். ஒரு மணி நேரம் ஆளையே காணோம் என்று இருக்கும்; பிறகு மூன்று ஒன்றன் வாலை ஒன்று பிடித்துக்கொண்டு வரும். மூன்றாவதில் ஒரு ஆள் இருக்கமாட்டான்.

பக்கத்தில் கண்டக்டர் தணிகைவேல் இருந்தான். சதுரங்கப்பட்டினம் வண்டிக்காரன். என் மூஞ்சியைப் பார்த்துவிட்டு மணிக்கட்டைப் பிடித்தான். டிக்கெட் கிழிக்கிற விரல்; நாடி பிடித்துப் பழக்கமில்லை.

"அண்ணாத்த, இன்னா இது? ரைட் குடுத்தும் வண்டி கெளம்பாம நிக்குது?"

"அப்படியா சொல்ற?"

"இரு, இரு... ஆங், கெளம்பிடுச்சி. ஐயையோ, அண்ணாத்த, ஓவர் ஸ்பீடுல போவுது!"

பத்து நிமிஷத்தில் தானாகச் சரியாகிவிட்டது. ஆனால் அடுத்த நாளும் வந்தது. அதற்கடுத்த நாளும். ஒரு மாதத்தில், என் நோட்டில் உள்ள எந்த வண்டியையும்விட ஒழுங்காக, சாப்பிட்ட கால் மணியில் வந்து நின்றது.

இந்த இடத்தில் நான் என்ன சாப்பிட்டேன் என்பதை உங்களிடம் சொல்லிவிடுகிறேன். அப்போது வேறு யாரிடமும் சொல்லாதது. தினமும் இரண்டு சாப்பாடு சாப்பிட்டேன். காலை ஒன்று, மத்தியானம் ஒன்று என்று அல்ல. மத்தியானமே இரண்டு.

முதல் சாப்பாடு சொர்ணம் அக்காவுடையது. என்னைவிடப் பதினாலு வயது பெரியவள். அப்பா அம்மா அடுத்தடுத்துப் போனபோது எனக்கு ஏழு வயது. அன்றிலிருந்து அவள் கையால்தான் வளர்ந்தேன். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் மெஸ் வைத்திருந்தாள். சைவச் சாப்பாடு. அந்த மெஸ்ஸில் ஒரு வழக்கம் உண்டு. முதல் இலை எனக்குத்தான் விழ வேண்டும். நான் வந்து உட்காராமல் சாம்பார் வாளியின் மூடி திறக்காது. லாரி டிரைவர்கள் பசி தாங்காமல் டைம் ஆபீஸ் ஜன்னலுக்கே வந்துவிடுவார்கள். "சார், உனக்குப் புண்ணியமாப் போவுது, வந்து துன்னுட்டுப் போ சார். நீ குந்துனாத்தான் அந்தம்மா எங்களுக்குப் போடுது." பதினைந்து வருஷமாக நான் சாப்பிட்டால்தான் ஊர் சாப்பிடும். ராஜாக்களுக்குக்கூட இந்த மரியாதை இருந்ததா என்று தெரியவில்லை.

இரண்டாவது சாப்பாடு வச்சலாவுடையது. என் பெண்சாதி. கல்யாணமாகி ஒன்றரை வருஷம். சதுரங்கப்பட்டினத்தில் பால்வாடி டீச்சர். பக்கத்திலே கல்பாக்கத்தில் அணு மின்சாரத்துக்குக் கட்டிடம் எழும்பிக்கொண்டிருந்த சமயம். அதனால் வாடகை ஏறுவதற்குள் அங்கேயே ஒரு வீடு பார்த்துக் குடிபோயிருந்தோம். நான் விடியக்காலை முதல் வண்டியில் செங்கல்பட்டுக்கு வந்துவிடுவேன். பத்து நாற்பது வண்டியில் நாலடுக்குக் கேரியர் வரும். பால்வாடிப் பிள்ளைகளை வரிசையாக உட்கார வைத்துவிட்டு, அவளே ஓடிவந்து தணிகைவேலிடம் கொடுப்பாள். கடற்கரை ஊர்ச் சமையல். மீன் குழம்பு ஒரு அடுக்கு, வறுவல் ஒரு அடுக்கு, சோறு இரண்டு அடுக்கு. சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் அடுக்கடுக்காகத் திறந்து பார்ப்பாள். மிச்சம் இருந்தால் ஒரு வார்த்தை சொல்லமாட்டாள். அந்த மிச்சத்தை ஒரு தட்டில் கொட்டி, ஒரு மூலையில் உட்கார்ந்து, தானே சாப்பிடுவாள். திட்டினால் தாங்கிக்கொள்வேன். இதைத் தாங்க முடியாது. இரண்டாவது நாளிலிருந்து மிச்சமே வைத்ததில்லை.

என்னைப் 'பூவு' என்று கூப்பிடுகிற அக்கா ஒரு நாள் கேட்டாள்: "ஏன்டா பூவு, உன் பொண்டாட்டி கேரியர் அனுப்புதாமே?"

"அது பேருக்கு ஒரு வாய்க்கா."

வச்சலாவும் ஒரு நாள் கேட்டாள்: "ஏங்க, அண்ணி மெஸ்ஸுல சாப்பிடுறீங்களா?"

"அது பேருக்கு ஒரு வாய்ம்மா."

ஒரே வாக்கியம், இரண்டு விலாசம். இரண்டு இடத்திலும் நன்றாகப் போய்ச் சேர்ந்தது.

ஆகவே நெஞ்சு துள்ளுகிற விஷயம் தணிகைவேல் வாய் வழியாக இரண்டு இடத்துக்கும் போனபோது, இரண்டு பேரும் ஒரே முடிவுக்கு வந்தார்கள்.

"அந்த மீனுதான்டா!" என்றாள் அக்கா. "பேருக்கு ஒரு வாய்னு துன்றியே, அந்த ஒரு வாய்தான் உன்ன இந்தப் பாடு படுத்துது."

"மெஸ்ஸு சாம்பாருதாங்க," என்றாள் வச்சலா. "காலையில காச்சி மத்தியானம் வரைக்கும் கொதிச்சிகினே கீது. அந்த ஒரு வாயி போதாதா?"

செங்கல்பட்டில் ராட்டினங்கிணறு பக்கம் டாக்டர் சிவப்பிரகாசம் புதிதாக ஈ.சி.ஜி. மெஷின் வாங்கி வைத்திருந்தார். கல்பாக்கத்து எஞ்சினியர்கள் எல்லாம் தம்மிடம் வருவார்கள் என்று நம்பி வாங்கியது. எஞ்சினியர்கள் மெட்ராஸுக்குப் போனார்கள். நான் போனேன்.

"எப்ப வருது?"

"சாப்பிட்ட உடனே, சார்."

"தினமுமா?"

"ஞாயித்துக்கிழமை வர்றதில்ல சார்."

"ஏன், ஞாயித்துக்கிழமை சாப்பிட மாட்டீங்களா?"

"சாப்பிடுவேன் சார். வீட்டுல."

டாக்டர் கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். "உங்க இதயத்துக்கு வார லீவு இருக்குன்னு சொல்லுங்க," என்றார்.

மேஜையில் படுக்கவைத்து, கையிலும் காலிலும் இரும்புப் பட்டை மாட்டி, மார்பில் ஜில்லென்று பசையைத் தடவி, ரப்பர் குமிழை ஒட்டினார். பஸ் ஹாரனில் இருக்குமே, அதன் தம்பி. மெஷின் கர்ரென்று காகிதத்தைத் தள்ளியது. அன்று வெறும் வயிறு. கோடு வரிசையாக, அச்சடித்த மாதிரி வந்தது.

"காலி வயித்துல உங்க இதயம் கலெக்டர் வந்த ஆபீஸ் மாதிரி இருக்கு. ஒரு குத்தம் சொல்ல முடியாது," என்றார். "சாப்பாட்டை இங்கயே கொண்டாங்க. என் எதிர்ல சாப்பிடுங்க, சாப்பிட்டதும் படுங்க. கையும் களவுமாப் புடிக்கலாம். எது ஒத்துக்கலையோ அதை ஆயுசுக்கும் நிறுத்திடலாம்."

"ஆயுசுக்குமா சார்?"

"ஆயுசுக்கும்தான். யார் சமையல் சாப்பிடறீங்க?"

"சில நாள் அக்கா, சில நாள் வீட்டுல," என்றேன். டாக்டரிடமும் வக்கீலிடமும் பொய் சொல்லக்கூடாது என்பார்கள். எனக்கு இதுவரை வக்கீல் தேவைப்படவில்லை.

பஸ் ஸ்டாண்டுக்குத் திரும்பி நடக்கும்போதுதான் அந்த 'ஆயுசுக்கும்' உறைத்தது. ஒன்று அக்காவின் முதல் இலை நிற்கும். இல்லாவிட்டால் வச்சலாவின் கேரியர் நிற்கும். எது நின்றாலும் அதைச் சமைத்தவள் தன் கைதான் என்னைக் கொல்லப் பார்த்தது என்று சாகும்வரை நினைத்துக்கொண்டிருப்பாள். இரண்டு சமையலிலும் ஒரு குற்றமும் இல்லை, குற்றவாளி நான்தான் என்று எனக்குத் தெரியும். சொல்லவும் நினைத்தேன். மெஸ் வாசலில் அக்கா நின்றுகொண்டிருந்தாள். "இன்னாடா சொன்னாரு?" என்றாள். "நாளைக்கு வரச் சொன்னாருக்கா," என்றேன்.

முதல் டெஸ்ட் வச்சலாவின் சாப்பாட்டுக்கு. அவள் பால்வாடிக்கு லீவு போட்டுவிட்டுக் கேரியரோடு வந்தாள். பத்து நிமிஷத்தில் அக்காவும் மெஸ்ஸைப் பூட்டிக்கொண்டு வந்துவிட்டாள், சாட்சிக்காம். இரண்டு பேரும் பெஞ்சில் ஆளுக்கு ஒரு ஓரமாக உட்கார்ந்தார்கள். நடுவில் நாலு பேர் உட்காரலாம். அன்று வஞ்சிரக் குழம்பு. நான் சாப்பிடச் சாப்பிட அக்கா என் நெஞ்சையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள், ஏதாவது வெளியே வந்து விழும் என்கிற மாதிரி.

சாப்பிட்டேன். படுத்தேன். மெஷின் கர்ரென்றது. டாக்டர் காகிதத்தைக் கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்த்தார்.

"நல்லாத்தான் இருக்கு."

வச்சலா கேரியரை ஒவ்வொரு அடுக்காக, ஒவ்வொன்றும் டங், டங்கென்று கேட்கும்படி மாட்டினாள்.

அடுத்த நாள் அக்கா சாப்பாடு. சாம்பார், வத்தக்குழம்பு, ரசம், உருளைக்கிழங்கு வறுவல், அப்பளம், தயிர். க்ளினிக் மேஜையிலேயே இலையை விரித்தாள். டாக்டருடைய ஸ்டெதஸ்கோப்பை ஒரு ஓரமாகத் தள்ளிவிட்டு உப்பு வைத்தாள். இப்போது வச்சலா என் நெஞ்சைப் பார்த்தாள். சாப்பிட்டேன், படுத்தேன், கர்ர்.

"இதுவும் நல்லாத்தான் இருக்கு!" டாக்டருக்கு மெஷின் மேலேயே சந்தேகம் வந்துவிட்டது. பக்கத்தில் ஒரு தட்டு தட்டிப் பார்த்தார்.

அக்கா எழுந்து நின்றாள். வெற்றிச் சிரிப்பு வர வேண்டிய வாய் பாதியிலேயே நின்றுவிட்டது. வச்சலாவைப் பார்த்தாள். வச்சலா அவளைப் பார்த்தாள். ஒன்றரை வருஷத்தில் அவர்கள் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் நேராகப் பார்த்தது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன்.

"யம்மா வச்சலா. உன் சோத்துல இல்ல. என் சோத்துலயும் இல்ல."

"ஆமாங்க அண்ணி."

"அப்ப இவன் மூணாவதா எங்கயோ துன்னுகினு கீறான்."

"எனக்கும் அதான் தோணுது."

மேஜையில் கையும் காலும் இரும்புப் பட்டையில் மாட்டியபடி படுத்திருக்கிறவனுக்கு எழுந்து ஓடவும் வழி கிடையாது. "அதெல்லாம் ஒண்ணுமில்லக்கா," என்றேன். குரல் எனக்கே பிடிக்கவில்லை.

"எவடா அவ?"

அன்று சாயங்காலமே இருவரும் சேர்ந்து பஸ் ஸ்டாண்டில் விசாரணை ஆரம்பித்தார்கள். முதலில் மாட்டியவள் பூவாயி. சதுரங்கப்பட்டினத்திலிருந்து மீன் கூடையோடு வருகிறவள்.

"ஏம்மே பூவாயி, எங்க தம்பிக்கு நீ எதுனா துன்னக் குடுக்கிறியா?"

"ஆருக்கு, இவருக்கா?" பூவாயி கூடையை இறக்கிவிட்டு இடுப்பில் கை வைத்தாள். "போன மாசம் என் கூடைய மேல ஏத்துனதால வண்டி ஆறு நிமிசம் லேட்டுன்னு எழுதி உட்டாரு. டிரைவரு என்ன அந்தக் கத்து கத்துனாரு. இவருக்கு நானு மீன் செதிலு கூட குடுக்க மாட்டேன்!"

பிறகு டீக்கடைக்காரர், வேர்க்கடலை வண்டி, சோடாக் கடை. அத்தனை பேரும் நான் வாங்கித் தின்னாத கஞ்சன் என்று ஒரே குரலில் சாட்சி சொன்னார்கள். ஒரு மனிதனின் ஒழுக்கம் இவ்வளவு கேவலமாக நிரூபிக்கப்பட்டு நான் பார்த்ததில்லை.

தணிகைவேல் மட்டும் தூணுக்குப் பின்னால் நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான். கேரியர் தினமும் காலியாகத் திரும்புவது அவனுக்குத் தெரியும். முதல் இலை யாருக்கு என்பதும் தெரியும். கிட்டே வந்து காதில் சொன்னான்: "அண்ணாத்த, நீயா சொல்லிடு. நான் சொன்னா நல்லா இருக்காது."

"இன்னும் ரெண்டு நாள் போவட்டும்டா."

"உன் நெஞ்சு ரெண்டு நாளு தாங்குமா? பேஜாரு பண்ணாத அண்ணாத்த."

வீட்டுக்குத் திரும்புகிற வண்டியில் வச்சலா ஜன்னலோரம் உட்கார்ந்தாள். திருக்கழுக்குன்றம் தாண்டியதும் வெளியே பார்த்தபடியே கேட்டாள்.

"அவங்க சமையல் அவ்ளோ நல்லா இருக்குமா?"

"எவங்க?"

"அந்த மூணாவது ஆளு."

சொல்லிவிட வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தேன். சத்தியமாக. "வண்டி நாலு நிமிஷம் லேட்டு," என்று வந்தது.

டாக்டர் வியாழக்கிழமைக்குக் கடைசி டெஸ்ட் வைத்தார். "அதுலயும் புடிபடலைன்னா மெட்ராஸ்ல பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதித் தரேன். அங்க ஒரு மாசம் படுக்கவச்சு, ரொட்டியும் பாலும் மட்டும் குடுத்துப் பாப்பாங்க. வியாழக்கிழமை வரைக்கும் அக்கா சாப்பாடும் வேணாம், வீட்டுச் சாப்பாடும் வேணாம். எதையும் நம்ப முடியல."

வியாழக்கிழமை வந்தது. அக்காவும் வச்சலாவும் பெஞ்சில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் ஒரு கேரியரும் ஒரு தூக்குச் சட்டியும். இரண்டு பேருமே சமைத்துக்கொண்டு வந்திருந்தார்கள். பட்டினியாகக் கிடக்கிறானே, எது கேட்டாலும் இருக்கட்டுமே என்று.

"இன்னிக்கு எது?" என்றார் டாக்டர்.

"அண்ணி செஞ்சதைச் சாப்பிடட்டும் சார்," என்றாள் வச்சலா. "சின்னதுல இருந்து பழகின சாப்பாடு."

"சேச்சே, அது ஆசையாப் பண்ணிக்கினு வந்து கீது சார்," என்றாள் அக்கா. "சுதும்பு மீன் குழம்பு. அதைத் துன்னட்டும். என்துதான் தெனமும் கீதே."

முந்தாநாள்வரை ஒருத்தி சாப்பாட்டை இன்னொருத்தி விஷம் என்றவர்கள். இப்போது எங்கேயோ இருக்கிற மூணாமவளுக்கு எதிராகக் கைகோத்துக்கொண்டு, நீங்க முதல்ல, நீ முதல்ல என்று மரியாதை பண்ணிக்கொண்டிருந்தார்கள். அந்த மூணாமவள் அவர்கள் எதிரிலேயே, பெல்ட்டைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தான்.

எனக்கு வாயால் ஒரு உண்மையும் சொல்ல வராது என்பது ஒன்றரை வருஷத்தில் நிரூபணமாகிவிட்டது. ஆனால் வயிறு என்று ஒன்று இருக்கிறதே.

"ரெண்டையும் போடுங்க," என்றேன்.

"ரெண்டையுமா?" என்றார் டாக்டர்.

"ரெண்டையும். அளவு குறைக்க வேணாம். முதல்ல அக்காவுது. அப்புறம் வச்சலாது. அதான் வரிசை."

உட்கார்ந்தேன். அக்காவின் இலையில் சாம்பாருக்கு ஒரு தரம், வத்தக்குழம்புக்கு ஒரு தரம், ரசத்துக்கு ஒரு தரம், தயிருக்கு ஒரு தரம் சோறு வாங்கினேன். இலையை மடித்தேன். கேரியரைத் திறந்து, இரண்டு அடுக்குச் சோற்றையும் கவிழ்த்து, குழம்பை ஊற்றி, முள்ளை எடுத்து ஓரத்தில் வரிசையாக வைத்துக்கொண்டே போனேன். அவசரமில்லை, திணறல் இல்லை. பழகின கை. கடைசி அடுக்கை நான் வழிக்கும்போது பெஞ்சில் இரண்டு பேரும் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வழித்து முடித்துவிட்டு, எப்போதும் போல பெல்ட்டை ஒரு ஓட்டை தளர்த்தினேன்.

"டேய் பூவு," என்றாள் அக்கா மெதுவாக. "இன்னாடா, எதுவுமே புதுசாத் தெரியலையே உனக்கு?"

மேஜையில் ஏறிப் படுத்தேன். படுப்பது என்றால் ஒரு ஆள் பிடித்துத் தூக்க வேண்டியிருந்தது. டாக்டர் குமிழை ஒட்டினார். ஐந்து நிமிஷம் கோடு ஒழுங்காக வந்தது. பத்து நிமிஷம். எனக்கே பயம் வந்துவிட்டது, இன்றைக்கென்று பார்த்து வராமல் போய்விடுமோ என்று. சரியாகப் பதினான்காவது நிமிஷம் கெண்டை துள்ளியது.

"வந்துடுச்சு!" என்று கத்தினேன். என் பெண்சாதிக்குப் பிள்ளை பிறந்தால்கூட அப்படிக் கத்துவேனா தெரியாது.

மெஷின் ஊசி காகிதத்தில் பேயாட்டம் ஆடியது. ஒரு பெரிய மலை, ஒரு நீண்ட சமவெளி, பிறகு நாலு மலை நெருக்கியடித்துக்கொண்டு. டாக்டர் துள்ளிக் குதித்தார். "புடிச்சுட்டேன்! பாருங்க, பாருங்க, முந்திக்கிட்டு ஒண்ணு வருது, அப்புறம் இடைவெளி, அப்புறம் ஓட்டம்!" வாங்கின நாளிலிருந்து அந்த மெஷின் பிடித்த முதல் திருடன் நான்தான் போலிருக்கிறது.

"சார், அதைப் பார்த்தது போதும், இவரைப் பாருங்க சார்!" என்றாள் வச்சலா. அவள் கை என் காலைப் பிடித்திருந்தது. இரும்புப் பட்டைக்கு மேலே.

டாக்டர் பானைத் தண்ணீரில் துண்டை நனைத்து என் மூஞ்சியில் அப்பினார். "மூச்சை இழுத்துப் புடிங்க. வாயை மூடுங்க. மூக்கையும் மூடிக்குங்க. இப்ப முக்குங்க!"

"என்ன சார்?"

"முக்குங்க! நல்லா, பலமா!"

மரியாதைப்பட்ட இரண்டு பெண்கள் எதிரில், இரண்டு சாப்பாட்டை உள்ளே வைத்துக்கொண்டு, ஒரு மனிதனை முக்கச் சொல்வது எவ்வளவு பெரிய அபாயம் என்று அந்த டாக்டர் யோசிக்கவில்லை. நான் யோசித்தேன். யோசித்துக்கொண்டே முக்கினேன். ஆண்டவன் காப்பாற்றினான்; கீழ்ப்பக்கம் போகாமல் மேல்பக்கம் வந்தது. ஒரு ஏப்பம். ஒன்றரை வருஷமாகச் சேர்த்து வைத்தது. அதில் வத்தக்குழம்பும் இருந்தது, சுதும்பும் இருந்தது. வாசலில் காத்திருந்த நோயாளி ஒருவர் எட்டிப் பார்த்தார். மெஷின் காகிதத்தில் அது குறுக்கே ஒரு கிறுக்கலாக விழுந்தது. அதற்கு அப்புறம் கோடு மறுபடி வரிசையாக, சாதுவாக வந்தது.

டாக்டர் மெஷினை நிறுத்தினார்.

"வயிறு முட்ட ஏத்தினா அது மேல தள்ளும்," என்றார் டாக்டர், காகிதத்தைச் சுருட்டியபடி. "இதயம் பக்கத்து வீட்டுல குடியிருக்கு. இங்க இடிச்சா அங்க அதிரும். ஆபத்தான வகையாத் தெரியல. ஆனா இப்படியே போனா நல்லதில்ல. இந்த மெஷினை நம்பி ஒரு சங்கதி கேக்கறேன். தினமும் இவ்வளவுதானா?"

தலையாட்டினேன்.

"எவ்ளோ நாளா?"

"கல்யாணமானதுல இருந்து, சார்."

அக்கா நெற்றியில் அடித்துக்கொண்டாள். "ஒன்றரை வருசமா ரெண்டு சோறாடா துன்ன! பாவி, பேருக்கு ஒரு வாய்னு சொன்னியேடா!"

"என்கிட்டயும் அப்படித்தான் சொன்னாரு அண்ணி," என்றாள் வச்சலா. அதற்கப்புறம் என்னைப் பார்த்து, "மிச்சம் வச்சிருந்தா நான் என்னா கொன்னாப் போட்டுருப்பேன்?" என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கேரியரை எடுத்துக்கொண்டு பின்பக்கம் குழாயடிக்குப் போய்விட்டாள். அக்கா தூக்குச் சட்டியோடு பின்னாலேயே போனாள்.

மார்பில் குமிழோடு நான் தனியாகப் படுத்திருந்தேன். என்னைப் பற்றித்தான் அழுதுகொண்டிருப்பார்கள் என்று நினைத்தேன். பாத்திரம் தேய்க்கிற சத்தம் கேட்டது. பிறகு அக்காவின் குரல்.

"இந்தக் கொழம்புல புளி எவ்ளோ போட்ட? நாலு வீடு மணக்குது."

"புளி கம்மிதாங்க அண்ணி. மாங்கா போட்டேன். ஒரு வாய் பாக்குறீங்களா? அடியில கொஞ்சம் ஒட்டிக்கினு கீது."

"குடு, பாப்போம். பேருக்கு ஒரு வாய்."

இரண்டு பேரும் சிரித்தார்கள். டாக்டர் என்னைப் பார்த்தார். நான் உத்தரத்தைப் பார்த்தேன்.

டாக்டர் எழுதிக்கொடுத்த சீட்டில் மருந்து ஒன்றுதான். மிச்சமெல்லாம் டைம் டேபிள். வயிறு முட்டக் கூடாது. கொஞ்சம் கொஞ்சமாக ஆறு வேளை. மென்று தின்ன வேண்டும். சோடா கூடாது, கடுங்காப்பி கூடாது. சாப்பிட்ட உடனே படுக்கக் கூடாது, பெல்ட்டை இறுக்கக் கூடாது. மறுபடி வந்தால் துண்டு, முக்கல். அதை அக்கா மெஸ் சுவரில் ஒன்றும், வச்சலா கேரியர் மூடியின் உள்பக்கம் ஒன்றும் எழுதி ஒட்டிவிட்டார்கள். இப்போது பஸ் ஸ்டாண்டு முழுக்க என் டைம் கீப்பர்கள். எந்த வண்டி வந்தாலும் கண்டக்டர் இறங்கினதும் முதல் கேள்வி இதுதான்: "சார், பத்தரை மோரு ஆச்சா?" ஐந்து நிமிஷம் தாமதமானால் பூவாயிகூடக் கூடையை இறக்கிவிட்டு, "லேட்டுன்னு எழுதிக்கோ!" என்று கத்துகிறாள். அவளுக்கு அதில் ஒரு தனி சந்தோஷம்.

முதல் இலை இப்போதும் எனக்குத்தான். ஆனால் அதில் ஒரு கரண்டி சோறு, கொஞ்சம் ரசம். அவ்வளவுதான். லாரி டிரைவர்களுக்கு ரொம்ப திருப்தி. நான் சீக்கிரம் எழுந்துவிடுகிறேன்.

பத்து நாற்பது வண்டியில் கேரியர் இன்னும் வருகிறது. நாலடுக்கும் நிறைய. இறங்கினதும் தணிகைவேல் எனக்கு ஒரு சின்ன கிண்ணத்தை மட்டும் எடுத்து வைத்துவிட்டு, மிச்சத்தை நேராக எதிரில் மெஸ்ஸுக்குக் கொண்டுபோகிறான். மீன் குழம்பு அக்காவுக்கு. மெஸ் சைவம், அதனால் பின்கட்டில் உட்கார்ந்து சாப்பிடுகிறாள். சாயங்காலம் அதே கேரியர் தேய்த்துக் கழுவி வருகிறது. தூக்கிப் பார்த்தால் கனக்கிறது. வத்தக்குழம்பு, உருளைக்கிழங்கு வறுவல், நாலு அப்பளம் ஒடியாமல். அது வச்சலாவுக்கு.

போன வாரம் திருக்கழுக்குன்றம் தாண்டும்போது மடியில் இருந்த கேரியரை மெதுவாகத் திறந்து பார்த்தேன். வாசனைக்குத்தான். பக்கத்தில் டிக்கெட் போட்டுக்கொண்டிருந்த தணிகைவேல் விசிலை வாயிலிருந்து எடுத்தான்.

"அண்ணாத்த, மூடு. வச்சலாக்கா அப்பளத்த எண்ணிக்கினு வாங்கும்."

"ஒண்ணே ஒண்ணுடா. பேருக்கு..."

விசில் அடித்தான். டிரைவர் பயந்துபோய் வண்டியை நிறுத்திவிட்டார். மூன்று நிமிஷம் லேட்டு. நோட்டில் காரணம் என்ன எழுதுவது என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.